வளப்புக்குன்னு சொன்ன வெலை

தம்பி, அந்தப் பாட்டில் மாட்டுக்குத்தானுங்களே? கால்சியம். கன்னு போட்டு நாலஞ்சு நாளு இருக்கும், எந்திரிக்க மாட்டேங்குது, அதானுங்களே? பாத்தவுடனே கண்டுக்கிட்டேன். பஸ்ஸுல இத்தனை சீட்டுக் காலியா கெடக்கறப்ப உங்க பக்கத்துல வந்து உக்காந்தது அதுக்குத்தான். கோவிச்சுக்காதீங்க. செம்மாண்டிவலசு போய்ச் சேர முக்கா மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நான் சொல்றதைக் கேட்டு முடிச்சிருங்க. இன்னிக்கு நீங்க கேக்கலைன்னா நான் செத்தேன்.

சும்மா சொல்லலீங்க. ஒழுங்கா ஒரு வாய் சோறு தின்னு பதினேழு நாளாச்சு. ஓட்டல்ல வாங்குனா எறங்க மாட்டேங்குது, வீட்டுல ஆக்கத் தெரியாது. கதவைத் தெறந்தா உள்ள யாருமில்லை. என்ற சம்சாரம் மயிலாத்தா என்னய உட்டுட்டுப் போயிட்டா. எவனோடயும் போகலை. அப்படிப் போயிருந்தாக்கூட நாலு பேர்கிட்டச் சொல்லி அழலாம். ஒரு மாட்டைப் புடிச்சிட்டுப் போயிட்டா. கறவை வத்துன மாடு, எட்டு ஈத்து போட்டது, இனிமேல் செனை புடிக்காது. அதுக்கோசரம் இருவத்தொம்பது வருசம் குடும்பம் நடத்துன புருசனை உட்டுட்டுப் போவாளா ஒருத்தி? நீங்களே சொல்லுங்க.

அவ எங்க இருக்கறான்னு கண்டுபுடிச்சுட்டேன். வலசுல ஒரு முருங்கைத் தோட்டத்துல காய் பறிக்கறா. ஆனா நாளைக்கு வெடியால அந்தக் கூலிக் கூட்டம் பூராவும் திண்டுக்கல் பக்கம் போகுது. இவளும் மாட்டோட போறாளாம். போயிட்டான்னா அப்பறம் நான் எந்த ஊர்ல போய்த் தேடுவேன்? அதனால இன்னிக்குத்தான். இன்னிக்கு உட்டா அவளை உட்டேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மாட்டுத் தரகு. திங்கக்கெழமை ஒரு சந்தை, வியாழக்கெழமை ஒண்ணு, சனிக்கெழமை ஒண்ணு. இருவத்தாறு வருசமா இதே பொழப்பு. மாட்டோட வாயைப் பாத்துச் சொல்றவன் உண்டு, மடியைப் பாத்துச் சொல்றவன் உண்டு. நான் மாட்டைப் பாக்கறதே இல்லை. ஓட்டிட்டு வர்றவன் மூஞ்சியைத்தான் பாப்பேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. கறவை வத்திப் போன மாட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டு வந்தா ரெண்டு வெலை. மேக்க போற லாரிக்காரங்க கறிக்கு எடை கணிச்சுக் குடுக்கறது ஒண்ணு. வளப்புக்கு வாங்கறவன் குடுக்கறது இன்னொண்ணு. ஊருக்குள்ள எதுக்கெடுத்தாலும் அடிமாட்டு வெலைக்குப் போச்சுங்கறாங்க, கொறஞ்ச வெலைன்னு நெனச்சுட்டு. சந்தைக்கு வந்து பாக்கோணும். கெழட்டு மாட்டுக்கு அதுதானுங்க ஒசந்த வெலை. பாலும் இல்லை, கன்னும் இல்லை, வருசம் பூராச் சோளத்தட்டும் தண்ணியும் போடோணும்னா எவன் எச்சாக் குடுத்து வாங்குவான்?

ஆனா ஓட்டிட்டு வர்றவங்க மொத வார்த்தை என்ன சொல்லுவாங்க தெரியுங்களா? "வளப்புக்குன்னாத்தான் குடுப்பேன்." நூத்துக்குத் தொண்ணூறு பேரு இதைச் சொல்லாம வாயைத் தெறக்க மாட்டாங்க. நான் ஒண்ணும் மறுத்துப் பேச மாட்டேன். துண்டைப் போட்டு அதுக்குள்ள அவங்க கையைப் புடிப்பேன். அடுத்தவனுக்குத் தெரியாம வெரலைப் புடிச்சுத்தானுங்க எங்க வெல பேச்சு, வெரலுக்கு ஆயிரம். "லாரிக்காரன் இருவத்திரண்டாயிரம் குடுக்கறான். வளப்புக்குன்னா எத்தனை கொறைப்பீங்க?" அப்படின்னு கேட்டுட்டுப் புடிச்ச கையை உடாம நிப்பேன். வாய் ஆயிரம் சொல்லும் தம்பி. கைதான் வெலையைச் சொல்லும்.

ஒரு பண்ணாடி, தென்னந்தோப்பே அறுவது ஏக்கரா. மாடு எங்களுக்குக் கொழந்தை மாதிரின்னு சந்தைக்கு நடுவுல நின்னு கண்ணைத் தொடைச்சாரு. கொறச்சது ஐந்நூறு. அரை வெரலைத்தான் மடக்குனாரு. ஒரு வாத்தியாரு மூவாயிரம் கொறச்சாரு, மூவாயிரத்துக்கு மூணு தடவை யோசிச்சாரு. பூக்கட்டி விக்கற பொம்பளை ஒருத்தி, ஒத்தை மாடு, தோடு இல்லாமக் காதுல வேப்பங்குச்சி சொருகியிருந்தா, பாதிக்குப் பாதி கொறச்சுட்டா. இருக்கறவன் கொறைக்கறதில்லை, இல்லாதவதான் கொறைக்கறா. இந்த ஜில்லாவுல மாட்டு மேல யாருக்கு எத்தனை ரூவாய்க்குப் பாசம்னு கேளுங்க, ஒவ்வொருத்தருக்கும் நான் சொல்லுவேன்.

மொதல்ல எல்லாம் இந்தக் கொறைக்கற பணம் யாருக்கும் ஆகாமப் போயிட்டிருந்துச்சுங்க. மாட்டுக்காரன் கொறைக்கத் தயாரா இருக்கான், வளப்புக்கு வாங்கத்தான் ஆளில்லை. கடைசீல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு லாரிக்காரன்கிட்டயே குடுத்துட்டுப் போவான். இல்லைன்னா மாட்டைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவான், எனக்குத் தரகும் போகும்.

பன்னெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு வியாழக்கெழமை மயிலாத்தா எனக்குச் சோறு கொண்டாந்தா. நான் வேற பக்கம் பேசிட்டிருந்தேன். இவ ஒரு செவலை மாட்டுகிட்டப் போயி அதோட தாடையைச் சொறிஞ்சு உட்டுட்டு நின்னுருக்கா. அவளுக்கு அது பழக்கம், மாட்டைக் கண்டாச் சும்மா போகமாட்டா. மாட்டுக்காரரு பாத்துட்டு, "அம்மிணி, உங்க கட்டுத்தரைக்கு வேணுங்களா? நீங்க வளக்கறதுன்னா நாலாயிரம் கொறச்சே வாங்கிக்குங்க"ன்னுட்டாரு. இவ ஓடி வந்து எங்கிட்டக் கேட்டா. வாங்கிக் குடுத்தேன். புதுக்கயிறு வாங்கி மாத்திக் கட்டி, மஞ்சளும் குங்குமமும் வெச்சு, வீடு வரைக்கும் நடந்தே ஓட்டிட்டு வந்தா. மூணாம் நாளு அவ ரேசன் கடைக்குப் போன நேரத்துல நான் அதை லாரிக்கு ஏத்தி உட்டேன்.

அழுதா. அழமாட்டாளா? ரெண்டு நாளு பட்டினி கெடந்தா. நான் உக்கார வெச்சு நெதானமாச் சொன்னேன். "பாரு மயிலா, அந்த மாடு எப்படியும் லாரிக்குத்தான் போகும். அந்தாளு அழுதுட்டே போயிருப்பாரு. இப்ப நிம்மதியாப் போயிருக்காரு. நமக்கும் நாலாயிரம் வந்துச்சு. யாரு வயித்துல அடிச்சோம்?" அவ அடுத்த வியாழக்கெழமை வெடியால சேலை மாத்திட்டு எங்கூடக் கெளம்பி வந்துட்டா. அன்னியிலிருந்து இந்த மாசம் வரைக்கும் மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. சரின்னும் சொன்னதில்லைன்னு வெய்யுங்க. ஆனா மாட்டேன்னு சொன்னதில்லை.

சந்தைக்குள்ள நாங்க ரெண்டு பேரும் முன்னப் பின்னத் தெரியாதவங்க. அவ கூடையும் புதுக்கயிறுமா எங்கியோ ஓரத்துல நிப்பா. நான் மாட்டுக்காரனைக் கூட்டிட்டுப் போயி, "இந்தம்மா தோட்டத்துல மாடு வெச்சிருக்கறாங்க, வளப்புக்குத் தேடறாங்க"ன்னு சொல்லி ஒதுங்கிக்குவேன். அதுக்கு மேல அவ வேலை. அப்படியொரு நடிப்பை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நான் சொல்லிக் குடுத்தது பாதிதான், மீதி அவளாக் கத்துக்கிட்டா. மாட்டுப் பேரு என்னன்னு கேப்பா. எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கும்? பருத்திக்கொட்டை திங்குமா, கடலைப் புண்ணாக்கா? நாயைக் கண்டா மெரளுமா? இடி இடிச்சா என்ன பண்ணும்? ஒண்ணொண்ணாக் கேப்பா. அவங்களும் ஒண்ணொண்ணாச் சொல்லுவாங்க. சொல்லச் சொல்ல மனசு எளகிரும். நாலாயிரம் கொறைக்க வந்தவன் அஞ்சாயிரம் கொறைப்பான்.

ஒரு பைத்தியக்காரத்தனம் மட்டும் உண்டு அவகிட்ட. வித்தவங்க போனதுக்கப்பறம் மாட்டை லாரிக்கு நான் ஓட்டிட்டுப் போவேன், இவளும் பின்னாலயே வருவா. வந்து, மேல ஏத்தற ஆளுகிட்டச் சொல்லுவா: "இது பேரு செல்லி. வலது தொடையில வலி, எடது பக்கமா ஏத்துங்க. இன்னொரு மாட்டோட ஒட்டிக் கட்டுனாப் பயப்படும்." அவன் சிரிப்பான். எனக்கே சிரிப்பு வரும். நாளைக்கு அறுக்கப் போற மாட்டுக்கு எந்தத் தொடை வலிச்சா என்ன? ஆனாலும் பன்னெண்டு வருசமா ஒரு மாட்டுக்குக் கூடச் சொல்லாம இருந்ததில்லை. லாரிக்காரனைச் சொல்லோணும், அவன் நல்ல மனுசன். அறுக்கத்தான் வாங்கறேன்னு சொல்லித்தான் வாங்குவான், ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

என்னய அப்படிப் பாக்காதீங்க தம்பி. நான் ஏமாத்தறவன் இல்லை. அவங்களுக்குத் தெரியாதுன்னா நெனைக்கறீங்க? கறவை வத்துன மாட்டை எந்தப் பொம்பளை பணம் குடுத்து வாங்கி, பொழுது விடிஞ்சா சாணி அள்ளிட்டிருப்பா? தெரியும். எல்லாத்துக்கும் தெரியும். யாராச்சும் ஒருத்தரு வாயைத் தெறந்து "வளக்கறேன்"னு சொன்னாப் போதும், அதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிச் சோறு திங்கலாம். அந்தச் சொல்லுக்குத்தான் வெலை. அதைத்தான் நான் வித்தேன். அந்தச் சொல்லை வாங்குனவங்க ஒருத்தரும் இத்தனை வருசத்துல திரும்பி வந்து என்ற மாடு எப்படி இருக்குதுன்னு கேக்கலை. கேட்டா என்ன ஆகும்னு அவங்களுக்கும் தெரியும்.

போன மாசம் வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு.

பதினெட்டு நாளைக்கு முன்னால, ருக்குமணின்னு ஒரு அம்மா வந்துச்சு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒண்டிக்கட்டை. இருதயத்துல ஆபரேசன் பண்ணோணுமாம், கோயமுத்தூர்ல மகன் வீட்டுக்குப் போறாங்களாம். மகன் இருக்கறது மூணாவது மாடி. மாட்டை எங்க கட்டறது? பூரணின்னு பேரு அந்த மாட்டுக்கு. நெத்தியில வெள்ளை. கையில பணம் வாங்கற ஆளு மாதிரியே தெரியலை. நான் துண்டைப் போட்டேன். கேட்டேன். அந்தம்மா வெரலை மடக்கவே இல்லீங்க. கையை வெளிய இழுத்துக்கிட்டு, சத்தமா எல்லார் முன்னாலயும் சொல்லிப் போட்டுது: "எனக்குப் பணம் வேண்டாம். நல்லாப் பாத்துக்கறவங்களாச் சொல்லுங்க, சும்மாவே குடுக்கறேன்."

இருவத்தாறு வருசத்துல அப்படியொரு கையை நான் புடிச்சதில்லை. லாரியில இருவத்தி நாலாயிரம் போற மாடு. கூட்டிட்டுப் போயி மயிலாத்தா முன்னால நிறுத்துனேன். இவ எப்பவும் போலக் கேட்டா, அந்தம்மா எப்பவும் போலச் சொல்லுச்சு. பூரணிக்கு ரேடியோ பாட்டுக் கேக்கோணுமாம், கறக்கறப்ப வெச்சுப் பழக்கம். சொல்லி முடிச்சுட்டு சுருக்குப் பையில இருந்து ரெண்டாயிரம் எடுத்து இவ கையில திணிச்சுது. "மொத மாசத் தீவனத்துக்கு வெச்சுக்க சாமி. ஆபரேசன் முடிஞ்சு பொழச்சு வந்தேன்னா மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறேன்."

அதோட போயிருந்தா ஒண்ணுமில்லை. பக்கத்துப் பொட்டிக்கடையில ஒரு கற்பூரம் வாங்கியாந்து, மாட்டுக்கு முன்னால தரையில பத்த வெச்சுது. "இதை அணைச்சு எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு அம்மிணி. வேற ஒண்ணும் வேண்டாம்." இத்தனை வருசத்துல ஒருத்தரும் சத்தியம் கேட்டதில்லீங்க. எல்லாத்துக்கும் சொல்லே போதுமா இருந்துச்சு. மயிலாத்தா நிமிந்து என்னயப் பாத்தா. சந்தைக்குள்ள என்னயப் பாக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன், அன்னிக்குப் பாத்தா. நான் யாரோ எவரோ மாதிரித் தலையை ஆட்டுனேன், பண்ணு பண்ணுன்னு. என்ன தப்பு? சத்தியம் பண்றது அவ, நானில்லையே. அவ குனிஞ்சு உள்ளங்கையில கற்பூரத்தை அணைச்சா. அந்தம்மா இவ தலையில கைய வெச்சுட்டு, மாட்டைத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க.

அப்பறம் நான் லாரிக்காரன்கிட்ட வெல பேசப் போனேன். மாட்டை ஓட்டிட்டு வான்னு இவளுக்குக் கண்ணைக் காட்டிட்டுத்தான் போனேன். அவளும் ஓட்டிட்டுத்தான் போனா. சந்தைக் கேட்டுக்கு வெளிய எடது பக்கம் திரும்புனா லாரி, வலது பக்கம் திரும்புனா மூலனூர் ரோடு. அரை மணி நேரம் கழிச்சு லாரிக்காரன் மாடு எங்கடாங்கறான். சந்தையெல்லாம் தேடுனேன், ரோட்டுல ரெண்டு மைல் ஓடுனேன். செருப்பு அறுந்து போச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போனா அவ சமைக்கற சட்டியெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சிருக்குது. வெடியால கெளம்பறப்பவே கழுவி வெச்சதுதான், தெனமும் அப்படித்தான் வெப்பா. ஆனா பாத்தவுடனே அப்படியே உக்காந்துட்டேன்.

போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போனேன். என்ன காணோம்னு கேட்டாங்க. "ஒரு மாடுங்க, இருவத்தி நாலாயிரம் பெறும். அதோட என்ற சம்சாரமும்"னு சொல்லிப் போட்டேன். வாயில அப்படி வந்துருச்சு. எழுதற அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "மொதல்ல எதைக் கண்டுபுடிக்கோணும்?"னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

போன வியாழக்கெழமை ருக்குமணியம்மா மகன் சந்தைக்கு வந்திருந்தான். ஆபரேசன் ஆயிருச்சாம், கண்ணு முழிச்சதும் அம்மா கேட்டது மாட்டைத்தானாம். ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டை கொண்டாந்திருந்தான். "பூரணி எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டான். "ராசாத்தியாட்ட இருக்குது, நல்லாத் திங்குது"ன்னு சொன்னேன். பாருங்க தம்பி, பன்னெண்டு வருசத்துல நான் சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம். அப்ப எனக்கே தெரியாது.

அந்த லாரி ஓட்டறவந்தான் கண்டுட்டு வந்து சொன்னான், வலசுல முருங்கைத் தோட்டத்து வேலியோரம் ஒரு பொம்பளையும் நெத்தியில வெள்ளை வெச்ச மாடும்னு. முந்தாநேத்து போனேன். தகரக் கொட்டாயி ஒண்ணு. அவ முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிட்டிருந்தா. எளைச்சுக் கறுத்துப் போயிட்டா. மாடு கொழுத்திருக்குது. என்னயக் கண்டதும் எந்திரிச்சுப் போயி மாட்டுக்கு முன்னால நின்னுக்கிட்டா. என்னய மாட்டுகிட்ட உடாம மறிச்சுங்க. என்னய!

நான் கெஞ்சுனேன். "மாட்டோடயே வா மயிலா. நம்ம கட்டுத்தரையில கட்டிக்கலாம். சாகற மட்டும் நானே தட்டுப் போடறேன். லாரி இருக்கற பக்கமே போகமாட்டேன், சந்தையை உட்டர்றேன்." மண்டி போட்டுட்டுச் சொன்னேன். கூலிக்காரங்க எல்லாரும் வேலையை உட்டுட்டு நின்னு பாத்தாங்க. நெசமாத்தானுங்க சொன்னேன். அந்த நேரத்துக்கு நெசம். வருசம் பூரா நெசமா இருக்குமான்னு கேட்டா, அதை யாரு கண்டது?

அவ கோவப்படலை. திட்டியிருந்தாத் தேவலை. "ஏனுங்க, நல்லாத்தான் சொல்றீங்க. கேக்கறவங்க நம்பற மாதிரித்தான் இருக்குது. இந்தப் பேச்சை நானே எத்தனை பேர்கிட்டப் பேசியிருக்கேன், எனக்குத் தெரியாதுங்களா?"ன்னா. எங்கிட்ட இருந்த வார்த்தையெல்லாம் சந்தையில செலவாயிருச்சு. கற்பூரம் வாங்கியாரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையை ஆட்டுனா.

கெளம்பறப்ப அவளாச் சொன்னா. "எனக்கும் ஒடம்புக்கு முடியலீங்க. கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. நல்ல மனுசன் ஒருத்தரு, மாடு கன்னு வெச்சிருக்கறவரு, மனசு வெச்சு இதைக் கேட்டு வந்தாருன்னா அவரு கையில குடுத்துட்டு நான் வீட்டுக்கு வந்தர்றேன். உங்க கையில குடுக்க மாட்டேன்." அவ்வளவுதான். அது போதும் எனக்கு. அந்த ஒரு வார்த்தையைத்தான் ரெண்டு நாளாப் புடிச்சுத் தொங்கிட்டிருக்கேன்.

தேடுனேனுங்க. தேடலைன்னு சொல்லாதீங்க. சொந்தக்காரன், பங்காளி, தீவனக் கடைக்காரன், ஒருத்தரை உடலை. எல்லாரும் பாவம் அந்த மாடுங்கறாங்க. வெச்சுக்கறயாப்பான்னா, தட்டு விக்கற வெலையிலயாங்கறாங்க. கோசாலையில கேட்டேன், எடமில்லைன்னுட்டாங்க. சரி, நீங்க சொல்லுங்க. நீங்க நெசமாவே வெச்சுக்குவீங்களா? நல்ல மாடு, சாது. சும்மாவே தர்றேன். ருக்குமணியம்மா குடுத்தாப்பல நானும் ரெண்டாயிரம் தர்றேன்.

பாத்தீங்களா. தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை தம்பி. உங்களுக்கே வீட்டுல எந்திரிக்காத மாடு கெடக்குது. யாரையும் குத்தம் சொல்லலை.

அதனாலதான் கேக்கறேன். வெச்சுக்க வேண்டாம். வந்து சொன்னாப் போதும்.

எங்கூட எறங்குங்க. நான் ரோட்டுலயே நின்னுக்கறேன், நீங்க மட்டும் போங்க. அந்தப் பாட்டில் கையிலயே இருக்கட்டும், அதைப் பாத்தாலே நம்புவா. உங்க மூஞ்சியும் நம்பற மூஞ்சி. பஸ்ஸுல ஏறுனப்பவே பாத்துட்டேன். வளப்புக்குக் கேட்டு வந்தேன்னு சொல்லுங்க, மாட்டை வாங்கிட்டு வாங்க. ஒரு மைல் தள்ளி ஆலமரத்துக்கிட்ட லாரி நிக்குது, சொல்லி வெச்சிருக்கேன். கயிறை அவன் கையில குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு அடுத்த பஸ்ஸைப் புடிச்சுப் போயிருங்க. உங்களுக்கு அரை மணி நேரம். எனக்கு என்ற பொண்டாட்டி.

அவ உடனே குடுக்க மாட்டா. சொல்லுவா. எந்தப் பக்கம் படுக்கும், என்ன திங்கும், ரேடியோ, எல்லாம் சொல்லுவா. நேரமாகும். குறுக்க பேசாதீங்க, முடிக்கற மட்டும் கேளுங்க. உம் கொட்டுங்க. பணம் எத்தனைன்னு மட்டும் கேட்டுராதீங்க, பணமே வேண்டாம்னுருவா. காதுல ஒரு சோடித் தோடு கெடக்குது, அதைக் கழட்டித் தீவனத்துக்கு வெச்சுக்குங்கன்னு உங்க கையில குடுத்தாலும் குடுப்பா. வாங்கிக்கோணும். வாங்கலைன்னா சந்தேகம் வந்துரும். அவகிட்ட இருக்கறது அது ஒண்ணுதானுங்க.

அழுதா அழுவட்டும். ரெண்டு நாளைக்குத்தான். கூட்டிட்டுப் போயிச் சோறாக்கச் சொல்லி, எதுக்கால உக்காந்து திங்கறேன், சரியாப் போயிரும்.

வந்துருச்சு. அந்தத் தகரக் கொட்டாயி தெரியுது பாருங்க, வேலியோரத்துல. எந்திரிங்க தம்பி. தம்பி. கையை உடாதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், கால்ல வேணும்னாலும் உழுகறேன், எந்திரிங்க. கண்டக்டரே, விசில் அடிச்சராதீங்க! ரெண்டு பேருங்க. ரெண்டு பேரு எறங்கோணுமுங்க.